காபி இயந்திரத்தைக் காப்பது எப்படி? – கடைக்காரர்களுக்கு ஒரு தொழில் பாடம்

மளிகைக் கடையின் ஓரத்தில் காபி கவுண்டர் போடும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. காபித்தூள் விற்கும் இடத்திலேயே சூடாக ஒரு கோப்பையும் விற்றால் வருமானம் கூடும் என்பது சரியான கணக்குதான். இயந்திரத்தின் விலை, இடத்தின் வாடகை, பால், தூள், ஆள் சம்பளம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுகிறோம். பராமரிப்பு என்ற ஒரு வரியை மட்டும் எழுத மறந்து விடுகிறோம். அந்த ஒரு வரிதான் பிறகு மொத்தக் கணக்கையும் புரட்டிப் போடுகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 120 கோப்பை விற்கிறது, கோப்பைக்கு 10 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் நின்று, மெக்கானிக் வந்து பார்த்து, உதிரிப் பாகம் வெளியூரிலிருந்து வந்து சேர 6 நாள் ஆனால் 7,200 ரூபாய் போச்சு. வாடகையும் சம்பளமும் வங்கித் தவணையும் அந்த 6 நாளும் நிற்காது. பழகிய வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிட்டால் அந்த நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை. இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் தேய்ந்த ரப்பர் வளையமாகவோ, உப்பு அடைத்த சிறு துளையாகவோ இருக்கும்.

இயந்திரம் என்ன செய்கிறது?

கல்யாண வீடுகளில் 'எஸ்பிரஸோ காபி' என்று கொடுப்பது பெரும்பாலும் நீராவியால் பாலை நுரைக்கச் செய்து தரும் காபி. நாம் இங்கே பேசுவது, பம்பின் அழுத்தத்தில் தூளுக்குள் வெந்நீரைச் செலுத்திச் சாறு எடுக்கும் இத்தாலிய வகை இயந்திரத்தைப் பற்றி. மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா 1901-இல் நீராவி அழுத்தத்தில் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். அக்கில்லே காஜ்ஜியா 1948-இல் நெம்புகோல் வகை இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். ஃபேமா நிறுவனம் 1961-இல் மின்சாரப் பம்பு வைத்த 'ஈ-61' இயந்திரத்தை வெளியிட்டது. இன்று கடைகளில் பார்ப்பவை பெரும்பாலும் இந்தப் பம்பு வழியில் வந்தவைதான்.

பம்பு தரும் அழுத்தம் சுமார் 9 பார். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் இது நான்கு மடங்குக்கு மேல். பாய்லரில் நீராவி அழுத்தம் 1 முதல் 1.3 பார் வரை இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு 120 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் போகும். இத்தனை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும்படி செய்த இயந்திரம் எளிதில் கெடாது. அதைக் கெடுப்பவை மூன்று: தண்ணீரில் உள்ள உப்பு, காபித்தூளில் உள்ள எண்ணெய், ஒட்டிக்கொள்ளும் பால். இந்த மூன்றையும் அன்றாடம் வெளியேற்றினால் இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும்.

முதல் எதிரி: உப்பு

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் பாய்லருக்குள்ளும் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடேறும்போது கல்லாக இறுகி ஹீட்டர் மேல் போர்வை போல ஒட்டிக்கொள்ளும். ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் தன்னையே எரித்துக்கொள்ளும். மின் கட்டணம் ஏறும். ஒரு நாள் ஹீட்டரே போய்விடும்.

இதில் மூன்று விஷயங்களைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, குடிக்க உகந்த தண்ணீரெல்லாம் இயந்திரத்துக்கு உகந்ததல்ல. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத் தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. மனிதர் குடிக்கலாம். ஆனால் பாய்லருக்கு 200 என்பதே அதிகம்.

இரண்டு, டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் வேறு, கடினத்தன்மை வேறு. மீட்டர் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும். கல்லாக இறுகும் உப்பு எவ்வளவு என்பது அதில் தெரியாது. சாஃப்ட்னர் வைத்தால் கல்லாகும் உப்பு குறையும், மீட்டர் எண் குறையாது. அதைப் பார்த்து "சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை" என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு. கடினத்தன்மையைத் தனியே சோதிக்கும் சொட்டு மருந்தும் சோதனைத் தாளும் கிடைக்கின்றன. மாதம் ஒருமுறை பாருங்கள். எண் ஏறினால் சாஃப்ட்னருக்குக் கையேட்டில் சொன்ன அளவு உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும்.

மூன்று, ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே விடுவதும் தவறு. பாய்லரில் தண்ணீர் நிரம்பியதா என்று அறிய ஒரு கம்பி இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டதும் தண்ணீர் வழியே மின்சாரம் பாய்வதைக் கொண்டுதான் இயந்திரம் பம்பை நிறுத்துகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. பாய்லர் நிரம்பிய பிறகும் பம்பு ஓடி, நீராவிக் குழாயில் தண்ணீராகக் கொட்டும். மேலும், அளவுக்கு மீறிச் சுத்தமான தண்ணீர் உலோகத்தை அரிக்கும். காபியின் சுவையும் சப்பென்று போகும். ஆர்.ஓ. தண்ணீரில் வடிகட்டிய தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடும் வால்வு வைத்து, டி.டி.எஸ். 150 அளவில் நிறுத்துவது நல்லது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் கடலோர ஊர்களில் சாஃப்ட்னர் மட்டும் போதாது. இந்தக் கலப்பு முறையே பொருந்தும். குளோரின் வாடை உள்ள குழாய்த் தண்ணீருக்குக் கரி வடிகட்டியும் வேண்டும்.

இன்னொன்று. பாய்லரிலிருந்து நீராவி மட்டும் வெளியே போகிறது. உப்பு உள்ளேயே தங்குகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்யும் வேலையை இங்கே ஹீட்டர் செய்கிறது. அதனால் தினமும் கடை திறந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு லிட்டராவது பிடித்துக் கொட்டுங்கள். பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் ஏறும்.

உப்பு படிந்த பிறகு கழிவறை ஆசிட்டை ஊற்றிக் கழுவும் விபரீதம் வேண்டாம். பித்தளையையும் செம்பையும் அது தின்றுவிடும். பெயர்ந்து வரும் துகள்கள் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். பாய்லரைக் கழற்றி உப்பு நீக்குவது தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது எதிரி: எண்ணெய்

வறுத்த காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு. அது ஹேண்டிலிலும், சல்லடையிலும், தண்ணீர் இறங்கும் தலைப் பகுதியிலும் படிந்து சிக்குப் பிடிக்கும். நேற்றைய எண்ணெய் இன்றைய காபியில் கசப்பாக இறங்கும். "தூள் சரியில்லை" என்று வியாபாரியை மாற்றுவதற்கு முன் ஹேண்டிலைக் கழற்றி முகர்ந்து பாருங்கள்.

ஒவ்வொரு கோப்பைக்கும் பிறகு மண்டியைத் தட்டிவிட்டு இரண்டு விநாடி வெறும் தண்ணீர் ஓடவிட வேண்டும். கடை மூடும்போது துளையில்லாத சல்லடையை ஹேண்டிலில் போட்டு, காபி இயந்திரத்துக்கென்றே விற்கும் சுத்தம் செய்யும் தூளைக் கையேட்டில் சொன்ன அளவு இட்டு மாட்டுங்கள். பம்பை 10 விநாடி ஓடவிட்டு 10 விநாடி நிறுத்துங்கள். இப்படி ஐந்து முறை. பிறகு தூள் இல்லாமல் வெறும் தண்ணீரில் அதேபோல் ஐந்து முறை. மறுநாள் முதல் கோப்பையை விற்காமல் கொட்டிவிடுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்புத் தூள் இதற்கு உதவாது. நுரை உள்ளே தங்கிவிடும். நெம்புகோல் வகை இயந்திரங்களில் இந்த முறையைச் செய்யவே கூடாது.

ஹேண்டில் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் சூட்டில் இறுகிவிடும். ஹேண்டிலை வழக்கத்தைவிட அதிகம் திருப்ப வேண்டியிருந்தாலும், ஓரத்தில் தண்ணீர் வழிந்தாலும் வளையம் முடிந்தது என்று பொருள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். இரண்டு வளையம் எப்போதும் கடையில் இருப்பில் இருக்கட்டும்.

தூள் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. ஃபில்டர் காபிக்கு விற்கும் தூளில் சிக்கரி கலந்திருக்கும். சட்டப்படி அந்தக் கலவையில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் காபி இருந்தால் போதும். ஃபில்டருக்கு அது ருசி. ஆனால் சிக்கரி வெந்நீரில் எளிதில் கரைந்து பிசுபிசுக்கும் பொருள். அழுத்தத்தில் சல்லடையை அடைக்கும். இயந்திரத்துக்குச் சிக்கரி கலக்காத கொட்டையை வாங்கி அவ்வப்போது அரைப்பதே முறை.

அரைக்கும் கிரைண்டரையும் மறக்கக் கூடாது. இரவில் கொட்டைப் பெட்டியைக் கழற்றித் துடையுங்கள். அதன் பற்கள் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். 400 கிலோ என்று இருந்து, நீங்கள் நாளுக்கு 2 கிலோ அரைத்தால் 200 நாளில் மாற்ற வேண்டும். 7 கிராம் தூளில் சுமார் 25 விநாடியில் 25 மி.லி. இறங்குவது இத்தாலியர் வைத்திருக்கும் அளவு. தினமும் காலையில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நேற்று 25 விநாடி, இன்று 15 விநாடி என்றால் பற்களோ, அரைக்கும் பதமோ, தூளின் அளவோ மாறியிருக்கிறது.

மூன்றாவது எதிரி: பால்

பால் நுரைக்க வைத்த உடனே நீராவிக் குழாயை ஈரத் துணியால் துடைத்து, இரண்டு விநாடி நீராவியைத் திறந்து விட வேண்டும். இந்தத் துணி மேசை துடைக்கும் துணியாக இருக்கக் கூடாது. காய்ந்த பால் முனைத் துளைகளை அடைக்கும், கிருமி வளரும்.

சிலர் இரவில் குழாய் ஊறட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீரில் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். பாய்லர் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அதைத் தடுக்கும் வால்வு பழுதாகி, நீராவி வால்வும் கசிந்தால், அந்தப் பால் கலந்த தண்ணீர் அப்படியே பாய்லருக்குள் போய்விடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த பால் வாடை வந்தால் வியாபாரத்தை நிறுத்தி, பாய்லரை முழுதும் வடித்துக் கழுவிய பிறகே தொடங்க வேண்டும். அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தால் கெடுவது கடையின் பெயர்.

மின்சாரமும் பாதுகாப்பும்

3,500 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபிரிட்ஜ் மாட்டிய அதே பிளக்கில் இதை மாட்டக் கூடாது. தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த், கசிவு மின்சாரத்தை நிறுத்தும் சாதனம் ஆகிய நான்கும் அவசியம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

பாய்லரின் சேஃப்டி வால்விலிருந்து நீராவி சீறினால் அதை அடைக்கவோ இறுக்கவோ கூடாது. அழுத்தம் மீறிவிட்டது என்று அது சொல்கிறது. சுவிட்சை அணைத்து, மெக்கானிக்கை அழையுங்கள். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துவிடலாம். வெந்துபோன கையை யார் திருப்பித் தருவது?

சுவரில் ஒட்டி வைக்க

• தினமும்: காலையில் வெந்நீர் வடித்தல், அழுத்தமானியைப் பார்த்தல், 25 விநாடி சோதனை. இரவில் தலைப் பகுதி கழுவுதல், நீராவிக் குழாய், கிரைண்டர் பெட்டி, கழிவுத் தட்டு சுத்தம்.

• வாரம் ஒருமுறை: சல்லடைகளைச் சுத்தம் செய்யும் தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுதல், கழிவுக் குழாயில் வெந்நீர் ஊற்றுதல்.

• மாதம் ஒருமுறை: தண்ணீரின் கடினத்தன்மைச் சோதனை, ஒயர், பிளக் சூடாகிறதா என்று பார்த்தல்.

• ஆண்டுக்கு இருமுறை: வடிகட்டி, ரப்பர் வளையம் பார்த்து மாற்றுதல், மெக்கானிக்கைக் கொண்டு வால்வுகளைச் சோதித்தல்.

இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, செய்தவர் கையெழுத்தும் வாங்குங்கள். பழைய இயந்திரம் வாங்கப் போகும் உறுப்பினர்களும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த நிலையிலிருந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அழுத்தமானி முள் நிலையாக நிற்கிறதா, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.

தராசை நாம் தினமும் துடைத்து வைப்பது அது பொய் சொல்லக் கூடாது என்பதற்காக. காபி இயந்திரமும் கடையில் ஒரு முதல்தான். தினம் கால் மணி நேரம் அதற்குக் கொடுத்தால், விசேஷ நாள் கூட்டத்தில் அது நம்மைக் கைவிடாது.