அலைபேசிக் கோபுரமும் தொலைக்காட்சித் தட்டும்

புதிய அலைபேசிக் கோபுரம் எழும்பிய சில நாட்களில், கேபிள் தொலைக்காட்சியில் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது என்று பஞ்சாயத்துக்கு முறையீடு வருவதுண்டு. சந்தாதாரர் கேபிள்காரரைக் கடிந்துகொள்கிறார். கேபிள்காரர் மழையைக் காரணம் காட்டுகிறார். ஈற்றில் கோபுரத்தை அகற்றுக என்று தீர்மானம் எழுதப்படுகிறது. கோபுரத்தை அகற்றாமலே இக்குறையைத் தீர்க்கலாம் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

கேபிள்காரரின் பெரிய தட்டு, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளினின்று 3,700 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பெறுகிறது. இவ்வலைகள் மழையால் அதிகம் குன்றுவதில்லை. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 5ஜி அலைபேசிச் சேவைக்கு அளிக்கப்பட்டவற்றுள் 3,300 முதல் 3,670 வரையிலான வரிசையும் ஒன்று. இடைவெளி 30 மெகாஹெர்ட்ஸே! தட்டின் நடுமுகப்பிலுள்ள எல்.என்.பி. என்னும் கருவிகளிற் பல, 3,400 தொடங்கி யாவற்றையும் உள்வாங்கிப் பெருக்குபவை. கடைமடையில் கசியும் நீருக்கென வெட்டிய சிறு வாய்க்காலில் ஏரி உடைந்த வெள்ளம் புகுந்தாற்போல, அருகிலுள்ள கோபுரத்தின் வலிய அலை அக்கருவியைத் திணறச் செய்கிறது.

வீட்டுக் கூரையிலுள்ள சிறு தட்டுகள் 10,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வரிசையில் இயங்குவதால் இத்தீங்கு அவற்றை அணுகாது. அவ்வீடுகளில் படம் தெளிவாயிருக்க, கேபிள்காரரின் அறையிலேயே படம் உடையுமாயின் கோபுரத்தை ஐயுறலாம். அதற்கு முன் துருவேறிய இணைப்புகளைத் துடைத்துப் பார்த்தல் முறை.

பரிகாரம் வடிகட்டியே. 3,700க்குக் கீழுள்ள அலைகளைத் தடுக்கும் உலோகக் குழாய் வடிவ வடிகட்டியை, அலை புகும் வாய்க்கும் எல்.என்.பி.க்கும் இடையே பொருத்துதல் வேண்டும். சிலர் மலிவைக் கருதி அதன் பின்னுள்ள கம்பியில் வடிகட்டி மாட்டி ஏமாந்ததை நாம் கண்டுள்ளோம். கருவி முன்னரே திணறிவிட்டபின் பின்னால் வடிகட்டிப் பயனென்ன?

செலவு யாருடையது என்ற வழக்கு எழும். பிரிட்டனில் 2013இல் 4ஜி சேவை விரிவடைந்தபோது, வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கான வடிகட்டிகள் அலைபேசி நிறுவனங்களின் பொருளிலேயே இலவசமாக வழங்கப்பட்டன. இங்கும் கோபுரத்துக்கு இடம் பார்க்கும் செய்தி கிட்டியவுடன் நிறுவனத்தாரையும் கேபிள்காரரையும் ஒருங்கே அழைத்துப் பேசிவிடுதல் நன்று. வேலை முடிந்தபின் கேட்பது கடினம்.

வடிகட்டியும் போதாதவிடத்துத் தடுப்பு உதவும். நம் மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், தட்டுகள் பெரும்பாலும் வானை அண்ணாந்தே நிற்கின்றன. ஆகவே கோபுரம் உள்ள பக்கத்தில் மட்டும் சுவரோ, மண்ணில் இணைத்த கம்பி வலையோ எழுப்பலாம். வலைக்கண் ஒரு சென்டிமீட்டருக்கு மிகலாகாது. தட்டு செயற்கைக்கோளை நோக்கும் வழியையும் மறைக்கலாகாது.