மைனர் எழுதிக் கொடுத்த பத்திரம்

ஒப்பந்தம் என்றவுடன் முத்திரைத் தாளும் சாட்சிக் கையெழுத்துமே பலருக்கு நினைவில் எழும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பயிலப் புகும் மாணவன் முதலில் கற்பது வேறு. ஒருவர் முன்வந்து கூறவேண்டும். மற்றவர் அதனை அப்படியே ஏற்கவேண்டும். இருபுறமும் பிரதிபலன் இருத்தல் வேண்டும். மிரட்டலோ வஞ்சனையோ இன்றிச் சம்மதம் பிறந்திருக்க வேண்டும். நோக்கம் சட்ட விரோதமாகாது. இவை பொருந்தின், வாய்ப்பேச்சில் முடிந்த மாட்டு வியாபாரமும் ஒப்பந்தமே. நிலத்திற்கு மட்டும் தனி விதி உண்டு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தின் கிரயம் பதிவுப் பத்திரமின்றிச் செல்லாது.

இத்தனையும் இருந்தும், செய்துகொள்வோருக்குத் தகுதி இல்லையேல் யாவும் வீண். இதனை விளக்கச் சட்டக் கல்லூரிகளில் தவறாது கூறப்படும் வழக்கு ஒன்று உண்டு. 1895-இல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் மைனர், தம் வீட்டுச் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் செய்து, பிரம்ம தத்தர் என்னும் லேவாதேவிக்காரருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் வக்கீலுக்கு முன்னரே கடித மூலம் தெரியும். தாம் மேஜர் என்று ஓர் உறுதிமொழியும் அவரிடம் எழுதி வாங்கப்பட்டது. அதனால் பயன் விளையவில்லை. மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என 1903-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கொடுத்த பணத்தை மீட்டுத் தரவும் மறுத்தது.

நீதிமன்றம் கார்டியன் நியமித்த பிள்ளைகளுக்கு முன்பு 21 வயதே எல்லையாக இருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் 18 ஆக்கியது.

கிராமங்களில் மைனரே கையெழுத்திடுவது அரிது. தந்தை இறந்தபின், பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துத் தாய் விற்பதே பெரும்பாலும் நிகழ்வது. இந்துக்களைப் பொறுத்தவரை, 1956-ஆம் ஆண்டின் மைனர், கார்டியன் சட்டப்படி, மைனருக்குத் தனியே உரிமையான நிலத்தை நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றித் தாயும் விற்கவோ அடமானம் செய்யவோ இயலாது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அனுமதி தேவை. (கூட்டுக் குடும்பத்தின் பிரியாத பங்குக்கு இவ்விதி பொருந்தாது.) அனுமதியற்ற கிரயம் உடனே செல்லாததாகி விடுவதில்லை. பிள்ளை மேஜரான மூன்றாண்டுகளுக்குள் அதனை ரத்துச் செய்யக் கோரி வழக்கிடலாம். வாங்கிய விவசாயி அதற்குள் கிணறு வெட்டியிருப்பார், தென்னை வைத்திருப்பார். குடும்பச் செலவுக்காகத்தான் விற்றோம் என்னும் தாயின் சொல் அப்பொழுது அவருக்குக் கைகொடுக்குமென்று நம்பியிருத்தல் தகாது.

அரிசி, துணி முதலிய இன்றியமையாப் பொருள்களை மைனருக்குக் கடனாகக் கொடுத்த கடைக்காரரைச் சட்டம் மறக்கவில்லை. மைனரின் சொத்திலிருந்து அவர் தொகையைப் பெறலாம். மைனரைச் சொந்த முறையில் பொறுப்பாக்க இயலாது.

சாட்சிக் கையெழுத்துக்கு அழைக்கப்படும் பஞ்சாயத்து உறுப்பினர், வாரிசுகளின் வயதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. வாரிசுச் சான்றையும் பிறப்புச் சான்றையும், மைனர் இருப்பின் நீதிமன்ற அனுமதியின் நகலையும், முன்பணம் கைமாறுவதற்கு முன்னரே பார்த்தல் வேண்டும்.