கட்டத் துணிக்கு ஏற்ற அடித்தாள்

கஞ்சியிடாத பாவு தறியேறினால் இழை அறும் என்பதை நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தறியின் இழுப்பைப் பாவு தாங்குவதற்குக் கஞ்சி எவ்வாறு துணையோ, பூத்தையல் இயந்திரத்தின் இழுப்பைத் துணி தாங்குவதற்கு அடித்தாள் அவ்வாறே துணையாகும்.

ஒரு சங்கத்தின் பதிவேட்டில், விற்பனைக்குச் சென்ற குவில்ட் போர்வைகள் திரும்பி வந்ததற்குத் "துணிக் குற்றம்" எனக் காரணம் எழுதி, நெய்தவர் கூலியில் பிடித்தம் செய்திருக்கக் கண்டோம். போர்வை ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். நெசவில் குறையில்லை. நெருக்கமான பூவேலைக்கு மெல்லிய தாளை வைத்திருந்தனர். ஊசி குத்திய துளைகளால் தாள் தைக்கும்போதே கிழிய, துணி சுருங்கிவிட்டது. அளவாக வெட்டிய கட்டம் ஒவ்வொன்றும் கால் அங்குலம் சுருங்கினால், ஆறு கட்டம் கொண்ட வரிசை ஒன்றரை அங்குலம் குறையும். பூவில்லாத வரிசையோடு அது எங்ஙனம் பொருந்தும்?

அடித்தாள் பெரும்பாலும் மூவகைப்படும்.

1. கிழித்தெடுப்பது: கெட்டி நெசவுத் துணியில் கோட்டுத் தையலுக்கும் இலேசான பூவுக்கும் ஏற்றது. கிழிக்கையில் தையலை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

2. கத்தரிப்பது: பூவைச் சுற்றி வெட்டியபின் எஞ்சியது துணியோடு நிலைத்து நிற்கும். நெருக்கமான தையலுக்கும் இளக நெய்த துணிக்கும் இதுவே தக்கது. மெல்லியதாகத் தேர்ந்தால் போர்வை விறைக்காது.

3. நீரில் கரைவது: பின்புறத்தில் தாள் தெரியலாகாத மெல்லிய துணிக்கு உதவும். சாயம் போகாத துணியில் மட்டுமே பயன்படுத்துக. மழைக்காலத்தில் ஈரம் புகாத உறையில் வைத்துக் காக்க.

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் கல்யாண மகாலைப் போர்வையில் தைத்து விற்க எண்ணும் உறுப்பினர் ஒன்றைக் கருதுக. அடுக்குகளைக் கோடாக மட்டும் தைத்தால் முதல் வகை போதும். சுவர்களை நூலால் நிரப்பினால் இரண்டாம் வகையே வேண்டும். துணி ஒன்றேயாயினும் பூவின் நெருக்கம் தாளை மாற்றிவிடுகிறது.

கட்டத்தை முன்கூட்டியே அளவாக வெட்டுதல் கூடாது. துணியை நனைத்து உலர்த்தி, இஸ்திரி போடுக. முடிந்த கட்டம் 10 அங்குலம் வேண்டுமாயின் 13 அங்குலமாக வெட்டுக. துணியை இழுக்காமல், தாளோடு சேர்த்து வளையத்தில் பொருத்தித் தைக்க. பின்னர், நாற்புறமும் கால் அங்குலத் தையலுக்கு இடம் விட்டு, 10½ அங்குலமாகச் சீர்செய்க.

பெரிய வேலை தொடங்குமுன் ஒரு சோதனை: அதே துணியில் 5 அங்குலச் சதுரம் வரைந்து, உள்ளே பூவைத் தைத்து, துவைத்து உலர்த்தி மீண்டும் அளந்து பார்க்க. சதுரம் கோணினால் தாளை மாற்றுக. சோதித்த துண்டையும் தாளின் வகையையும் குறித்துச் சங்கத்தில் வைத்திருப்பின், நாளை வழக்கு எழும்போது அத்துண்டே சாட்சி சொல்லும். செய்யாத குற்றத்திற்கு நெசவாளர் கூலி இழக்கவும் நேராது.