வீட்டு வை-ஃபைக்குப் பூட்டு போடுங்கள்!



நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாக டிப்ளமோ படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். ஃபேன் ஓடாவிட்டாலும், டி.வி. தெரியாவிட்டாலும், "நீதான் படிக்கிறியே, என்னன்னு பாரு" என்று நம்மிடம்தான் வருவார்கள். அப்படி வந்த ஒரு வேலையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கிராமம் திண்டிவனம் பக்கம். அப்பா குட்டியானை ஓட்டுகிறார். சீசனில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் கமிட்டிக்குப் போவார். என் படிப்புக்காகத் தன் பெயரில் இன்டர்நெட் இணைப்பு வாங்கினார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ராத்திரி எட்டு மணி ஆனால் ஒரு பாடம்கூட டவுன்லோட் ஆகாது. "காசு கட்டியும் ஏண்டா சுத்திக்கிட்டே கெடக்கு?" என்றார் அப்பா. ரூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் இருப்பது மூன்று போன். பட்டியலில் இருந்ததோ பதினொன்று!

காரணம் எளிது. இணைப்பு கொடுக்க வந்தவர், மறக்காமல் இருக்கட்டும் என்று அப்பாவின் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டார். அந்த நம்பர் வண்டியின் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு, சாவியை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு போயிருக்கிறோம்!

வேகம் மட்டுமா பிரச்சினை?

"பக்கத்து வீட்டுப் புள்ளைங்கதானே, பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா. நானும் சரி என்றுதான் நினைத்தேன். பிறகுதான் 2008-ல் நடந்ததைப் படித்தேன்.

அந்த ஆண்டு ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு டி.வி. நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இடத்தைப் போலீசார் தேடிப் போனால், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு! அவருடைய வை-ஃபைக்குப் பூட்டு இல்லை. யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள். தொடர்பே இல்லாத அந்த மனிதர் விசாரணைகளைச் சந்திக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின் மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வை-ஃபை வழியாகவே போனது.

ஏன் இப்படி? நம் வீட்டில் எத்தனை போன் இருந்தாலும், ரூட்டரைத் தாண்டி வெளியே எல்லாம் ஒரே இணைப்பாகத்தான் தெரியும். அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். எங்கள் வீட்டில் அது அப்பா. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அவர், "வை-ஃபையில் வேறு யாரோ நுழைந்தார்கள்" என்று யாரிடம் போய் விளக்குவார்?

செல் நம்பர் ஏன் கூடாது?

போனும் ரூட்டரும் இணையும்போது நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. டபிள்யூ.பி.ஏ.2 முறையில் அவற்றைக் காற்றில் பிடித்துக்கொண்டு போய், ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்தே பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். கணக்கைப் பாருங்கள்:

நம் செல் நம்பர்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி நம்பர்கள். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 5 லட்சம் போட்டுப் பார்க்கும் என்று கொண்டால், 8,000 வினாடி. அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிந்தது! அதுவே எந்த அர்த்தமும் இல்லாமல் கலைத்துப் போட்ட 12 ஆங்கிலச் சிறிய எழுத்துகள் என்றால், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் ஆகும்.

செய்ய வேண்டியவை

1. பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள். 63 எழுத்து வரை இடம் உண்டு. பெயர், பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம்.

2. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2. பழைய டபிள்யூ.இ.பி. 2001-லேயே உடைபட்டது.

3. ரூட்டருக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டு தனி. அதையும் மாற்றுங்கள்.

4. டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் நம்பரைப் பல ரூட்டர்கள் இரண்டு பாதியாகச் சரிபார்க்கின்றன. அதனால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-ல் வெளியானது.

5. வை-ஃபையின் பெயரை மறைத்து வைப்பது பூட்டு ஆகாது. விவரம் தெரிந்தவர் நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, பாப்பாவுக்கு ஆன்லைன் கிளாஸ்" என்றார். பல ரூட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று உண்டு. அதற்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தேன். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைப்பது போல. நம் வீட்டுக் கணினியை அவர்கள் போன் தொடாது. ஆனால் ஒன்று: திண்ணையில் இருந்து போவதும் அப்பா பெயரில்தான் போகும். எனவே முகம் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள்.

இப்போது பட்டியலில் நான்கு போன். எங்கள் மூன்று, பாப்பாவுக்காக ஒன்று. "மூட்டை ரூமுக்குப் பூட்டு போடுற மாதிரிதானேடா?" என்றார் அப்பா. ஆமாம்ப்பா, அதேதான்.

நண்பர்களே, இந்த லீவில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் வீட்டு ரூட்டரைத் திறந்து பாருங்கள். நம்மை நம்பித்தான் வீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.