மோட்டார் சைக்கிள் பழகுவோர்க்குரிய காப்பு உடை

விவசாய விரிவாக்க ஊழியர், சுகாதார ஊழியர், நில அளவையாளர், தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர் முதலியோர் பலர்க்கு இன்று மோட்டார் சைக்கிளே முதன்மையான ஊர்தியாக உள்ளது. வாகனத்தை வாங்குங்கால் அதன் விலையையும், ஒரு லிட்டர் பெட்ரோலில் அது ஓடும் தொலைவையும் நாம் நுணுகி ஆராய்கிறோம். அதன்மீது அமர்ந்து செல்லும் உடலுக்கு எத்தகைய காப்பு வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. காப்பு உடையைத் தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படையான விஞ்ஞானக் கருத்துக்களையும், புதிதாக வண்டி ஓட்டுவோர் கடையில் கவனிக்க வேண்டியவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாது இறந்தோர் 50,029 பேர். இவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கவசம் அணிந்திருப்பின் இவர்கள் அனைவரும் பிழைத்திருப்பர் என்பது இதன் பொருளன்று. ஆயினும் மிக எளிதில் கைக்கொள்ளத்தக்க ஒரு காப்பு முறை எவ்வளவு பரவலாகப் புறக்கணிக்கப்படுகிறது என்பதை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

விழுதலும் சறுக்குதலும்

ஓட்டுநர் ஒருவர் வண்டியிலிருந்து வீழும்போது அவர் உடலுக்கு இருவகை வேகங்கள் உண்டு. ஒன்று, தரையை நோக்கிக் கீழே விழும் வேகம். மற்றொன்று, சாலையின் நெடுகே முன்னோக்கிச் செல்லும் வேகம். இவ்விரண்டும் வெவ்வேறு வகையான காயங்களை விளைவிக்கின்றன. ஆகவே இவற்றிற்குரிய காப்பும் வெவ்வேறானதாகும்.

முதலில் விழுதலைக் கருதுவோம். வண்டியில் அமர்ந்தவரின் தலை தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 ஆதலால், தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டராகும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இவ்வேகம் குறைவதில்லை. மெதுவாகச் செல்பவர்க்குக் கவசம் வேண்டுவதில்லை என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பது இதனால் விளங்கும்.

இவ்வேகம் எவ்வளவு தூரத்திற்குள் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே மூளைக்கு நேரும் கேடு அமைகிறது. கவசத்தின் உட்புறமுள்ள நுரைப்பொருள் 20 மில்லிமீட்டர் நசுங்கித் தலையை நிறுத்துமாயின், சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 80 மடங்காக இருக்கும். வெறுந்தலை கற்சாலையில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுமாயின் அது 800 மடங்காகும். அந்தப் பதினெட்டு மில்லிமீட்டர் வேறுபாடே பலருக்கு உயிருக்கும் மரணத்திற்கும் இடையேயுள்ள தூரமாக அமைந்துவிடுகிறது.

இனிச் சறுக்குதலைக் கருதுவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 13.9 மீட்டராகும். உடைக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுக் கெழு 0.7 எனக் கொண்டால், வீழ்ந்தவர் நிற்பதற்கு முன் ஏறக்குறைய 14 மீட்டர் சறுக்குவார். இதற்கு இரண்டு வினாடி ஆகும். இந்த இரண்டு வினாடியும் சாலையின் பரல்களுக்கும் தோலுக்கும் நடுவே நிற்க வேண்டியது உடையே. உராய்வுப் பொறிகளில் சோதிக்கும்போது, ஒற்றை மடிப்புள்ள சாதாரண ஜீன்ஸ் துணி ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் கிழிந்துவிடுகிறது. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த இ.என். 13595 என்னும் ஐரோப்பிய நியமம், மிகுதியாக உராயும் பகுதிகளுக்கு முதல் நிலையில் 4 வினாடியும் இரண்டாம் நிலையில் 7 வினாடியும் தாங்குதிறனை விதித்தது. பொறியின் வினாடியும் சாலையின் வினாடியும் ஒன்றல்ல. துணிகளைத் தம்முள் ஒப்பிடவே இவ்வெண்கள் பயன்படும்.

கம்பத்திலோ எதிர்வரும் லாரியிலோ நேராக மோதினால், எந்த உடையும் அம்மோதலின் முழுச் சக்தியையும் ஏற்க வல்லதன்று. எனவே காப்பு உடை நிதானமான ஓட்டத்திற்குத் துணையாகுமேயன்றி, அதற்கு ஈடாகாது.

தலைக்கவசம்

அரேபியாவின் லாரன்ஸ் எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, சில நாள் நினைவின்றிக் கிடந்து மறைந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர், இராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனைப் பற்றி 1941இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மோதும்போது நசுங்கிச் சக்தியை உட்கொள்ளும் அடுக்கினையுடைய கவசத்திற்கு 1953இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய கவசங்களும் அதே தத்துவத்தையே பின்பற்றுகின்றன. உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, விபத்துக்குள்ளானோரிடையே கவசமானது மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது எனக் கண்டது. நம் நாட்டில் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த காலஞ்சென்ற பேராசிரியர் தினேஷ் மோகன் இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றினார்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், ஓட்டினும் உடன் செல்லினும், கவசம் அணிய வேண்டும் என விதிக்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு இதில் விலக்கு உண்டு. தில்லியில் பின்னால் அமரும் பெண்களுக்குக் கவசம் கட்டாயமாக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலாகும். 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத இருசக்கர வாகனக் கவசங்களைத் தயாரிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன.

கவசம் வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. முத்திரை: ஐ.எஸ்.ஐ. குறியின் மேல் ஐ.எஸ். 4151 என்ற நியம எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். இந்திய நியம நிறுவனம் 1987இல் இந்திய நியமங்கள் செயலகமாக மாறிய பின்னரும் பழைய குறியே வழக்கில் உள்ளது. உரிம எண் உண்மையானதா என்பதை அச்செயலகத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம். சாலையோரத்தில் மலிவாக விற்கப்படும் கவசத்தில் குறி மட்டும் ஒட்டப்பட்டிருக்கக் கூடும். எண்ணைச் சரிபார்த்தாலன்றி அதனை நம்புதல் தகாது.

2. அமைப்பு: உள்ளே கட்டியான நுரை அடுக்கு இருக்கிறதா என விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெறும் பஞ்சு மெத்தை மோதலைத் தாங்காது. கட்டட வேலையாளர் அணியும் தொப்பி இதற்கு ஏற்றதன்று. முகம் முழுவதையும் மூடும் கவசமே தாடையையும் பற்களையும் காக்கும்.

3. அளவு: புருவத்திற்குச் சற்று மேலாகத் தலையின் சுற்றளவை நாடாவினால் அளந்து கொள்க. அணிந்தபின் கன்னங்கள் சிறிது அழுந்த வேண்டும். நெற்றியில் வலி இருத்தலாகாது. வாரை மாட்டிக்கொண்டு, பின்புறத்திலிருந்து கவசத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வருமாயின் அது பொருந்தாத கவசமாகும். வார் மாட்டப்படாத கவசம் மோதுவதற்கு முன்னரே பறந்துவிடும்.

4. பராமரிப்பு: ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் கூடாது. நசுங்கிய நுரை மீண்டும் எழாது. வெளியோட்டில் பிளவு தெரியாவிட்டாலும் அதன் காக்கும் ஆற்றல் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். பெட்ரோலும் பெயிண்டும் நுரையைக் கெடுக்கும். கீறல் விழுந்த முகக்கண்ணாடியும் கறுப்புக் கண்ணாடியும் இரவில் ஆபத்தானவை.

கையுறை, காலணி, மேற்சட்டை, காற்சட்டை

சட்டம் தலைக்கவசத்தை மட்டுமே வற்புறுத்துகிறது. ஆயினும், கையை நெடுங்காலம் ஊன்ற முடியாமலும் காலால் நடக்க முடியாமலும் செய்யும் காயங்கள் ஊழியரின் பிழைப்பையே பாதிக்க வல்லவை. ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களைக் கொண்டு நிகழ்த்தி 2011இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், இதற்கென அமைந்த மேற்சட்டை அணிந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட நேரும் வாய்ப்பு 21 சதவீதமும், காற்சட்டை அணிந்தோர்க்கு 51 சதவீதமும், கையுறை அணிந்தோர்க்கு 59 சதவீதமும் குறைந்திருந்தது. அதே ஆய்வில், விற்பனைக்கு வந்த இவ்வுடைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் பத்தில் மூன்று வரை விபத்தின்போது கிழிந்து பயனற்றுப் போயின என்பதும் தெரிந்தது. விலையும் தோற்றமும் மட்டும் தரத்திற்குச் சான்றாகா என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். இதனையடுத்து 2018ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘மோட்டோகேப்’ என்னும் திட்டத்தின் கீழ் உடைகளைக் கடையில் வாங்கிச் சோதித்து, மதிப்பெண் வெளியிட்டு வருகின்றனர்.

விழுபவர் எவரும் முதலில் ஊன்றுவது கையையே. ஆகவே உள்ளங்கையில் இரட்டைத் தோலும், மணிக்கட்டில் இறுக்கும் பட்டையும் உள்ள கையுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செருப்பு முதல் சறுக்கலிலேயே கழன்றுவிடும். கணுக்காலை மூடும் கெட்டியான காலணி வேண்டும். அதன் கயிறு வெளியே தொங்கலாகாது.

மேற்சட்டையின் தோளிலும் முழங்கையிலும், காற்சட்டையின் முழங்காலிலும் இடுப்பிலும் மோதல் தாங்கும் அட்டைகள் இருத்தல் நன்று. இவற்றிற்குரிய ஐரோப்பிய நியமம் இ.என். 1621-1 ஆகும். 50 ஜூல் சக்தியுள்ள அடி விழும்போது அட்டையைக் கடந்து செல்லும் சராசரி விசை முதல் நிலையில் 35 கிலோ நியூட்டனையும், இரண்டாம் நிலையில் 20 கிலோ நியூட்டனையும் மிஞ்சலாகாது. எனவே இரண்டாம் நிலையே மேலானது. உடை முழுமைக்கும் உரிய இ.என். 17092 என்னும் நியமத்தில் ‘ஏ.ஏ.ஏ.’ என்பது உயர்ந்த வகுப்பு, ‘ஏ.ஏ.’, ‘ஏ.’ என்பன முறையே அடுத்தவை. தில்லி கரோல் பாக் போன்ற கடைத்தெருவில் வாங்குவோர், உட்புறச் சீட்டில் இவ்வெண்கள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். வண்டியில் அமரும் நிலையில் கைகளை நீட்டி மடக்கிப் பார்ப்பதும் அவசியம். அட்டை முழங்கையை விட்டு நழுவுமாயின், எத்துணை உயர்ந்த நிலையினதாயினும் அதனாற் பயனில்லை.

சேலையும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்குவதால் நேரும் விபத்துக்கள் கொடியவை. இதனைத் தடுக்கவே, பின்சக்கரத்தின் பாதியையேனும் மூடும் காப்பு அமைப்பை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி வற்புறுத்துகிறது. அதனைக் கழற்றி எறிதல் கூடாது. முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொண்டே அமர வேண்டும்.

பருவநிலையும் உடையும்

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியை எட்டுவதுண்டு. அக்காலத்தில் கனத்த தோற்சட்டை அணிவது இயலாததாகி, பலர் எதையுமே அணியாது விட்டுவிடுகின்றனர். இது தவறான முடிவாகும். காற்றோட்டமுள்ள வலைத்துணியில் மோதல் அட்டை பொருத்திய மேற்சட்டை, உராய்வைத் தாங்குவதில் தோலுக்குக் குறைந்ததாயினும், நூற்சட்டையினும் மேலானது. வீட்டில் தொங்கும் உயர்ந்த உடையைவிட உடலில் உள்ள நடுத்தர உடையே காக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனியிலோ பிறர் கண்ணுக்குத் தெரிவதே முதற் காப்பாகும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடைபெற்று 2004இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒளி திருப்பும் அல்லது ஒளிரும் உடை அணிந்தோர்க்கு விபத்துக் காய அபாயம் 37 சதவீதம் குறைந்திருந்தது. கறுப்புக் கவசத்தைவிட வெள்ளைக் கவசம் அணிந்தோர்க்கு 24 சதவீதம் குறைந்திருந்தது. இதற்கென ஆகும் செலவு மிகச் சிறிது. குளிருக்காகச் சால்வையைத் தளரப் போர்த்திக்கொண்டு ஓட்டுதல் ஆகாது.

எதனை முதலில் வாங்குவது?

ஊதியத்தில் மிச்சம் பிடித்து வாங்குவோர் அனைத்தையும் ஒரே நாளில் வாங்க இயலாது. அவர்கள் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளலாம். முதலாவது, தமக்கும் உடன் வருபவர்க்குமாக இரு தலைக்கவசங்கள். இரண்டாவது, கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும். மூன்றாவது, அட்டை பொருத்திய மேற்சட்டை. நான்காவது, காற்சட்டை, அது வரும்வரை ஜீன்ஸின்மேல் கட்டும் முழங்கால் அட்டை உதவும். மனைவி மக்களைக் கவசமின்றிப் பின்னால் அமர்த்தித் தாம் மட்டும் கவசம் அணிந்து செல்வோரைத் தலைநகரிலும் காணலாம். விழுதலின் விதி இருவர்க்கும் ஒன்றே என்பதை அவர்க்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

வகுப்பறைச் சோதனைகள்

சோதனை 1: கோழிமுட்டை ஒன்றைத் தகரடப்பாவில் இட்டும், மற்றொன்றைச் சுற்றிலும் தெர்மோகோல் துண்டுகள் செறித்த அதே போன்ற டப்பாவில் இட்டும், 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விடுக. எது உடைகிறது என்பதையும், தெர்மோகோலில் பதிந்த பள்ளத்தையும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும்.

சோதனை 2: நூல்துணி, ஜீன்ஸ், கித்தான், தோல் ஆகியவற்றின் துண்டுகளை ஒரு செங்கல்லின் அடியில் ஒவ்வொன்றாகக் கட்டி, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் சம தூரம் இழுக்கச் செய்க. எத்தனை இழுப்பில் துளை விழுகிறது என்பதை அட்டவணைப்படுத்துக.

வினாக்கள்

1. வேகம் இரு மடங்கானால் சறுக்கும் தூரம் எத்தனை மடங்காகும்? காரணம் கூறுக.

2. அடிபட்ட கவசத்தைக் களைய வேண்டுவது ஏன்?

3. உங்கள் இல்லத்திலுள்ள கவசத்தின் உரிம எண்ணை எழுதி வந்து, அதன் உண்மையைச் சரிபார்க்க.

மூன்றாம் வினாவிற்குரிய விடையை மாணவர் தேடும்போது, பல இல்லங்களில் பெற்றோரும் தம் கவசத்தை முதன்முறையாகப் புரட்டிப் பார்ப்பர். அதுவே இப்பாடத்தின் தலையாய பயனாகும்.