கைவிடப்பட்ட சிறுவரும் குடிவரவுச் சட்டமும்

பெற்றோரால் துன்புறுத்தப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட அல்லது கைவிடப்பட்ட வெளிநாட்டுச் சிறுவருக்காக ஐக்கிய அமெரிக்கா 1990 இல் ‘விசேட குடிவரவுச் சிறுவர்’ என்னும் தகுதியைச் சட்டமாக்கியது. விண்ணப்பிப்பவர் 21 வயதுக்குக் குறைந்தவராகவும் மணமாகாதவராகவும் இருத்தல் வேண்டும்.

பெற்றோருடன் மீள இணைய முடியாது, தாய்நாட்டுக்குத் திரும்புவது பிள்ளையின் நலனுக்கு உகந்ததன்று என முதலில் மாநில நீதிமன்றம் தீர்மானிக்கும். அதன் பின்னரே மத்திய அரசின் குடிவரவு அதிகாரிகள் விண்ணப்பத்தை ஆராய்வர். (சமஷ்டி ஆட்சியில் அதிகாரப் பகிர்வுக்கு இதனையும் உதாரணமாக எழுதலாம்.) 2008 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பெற்றோரில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் போதுமானது.

ஆயினும் பெற்றோர் இப்பிள்ளை மூலம் எந்தக் குடிவரவு உரிமையும் பெற முடியாது, பிள்ளை பின்னர் பிரஜையானாலும் கூட. கைவிடாத தாய்க்கும் இதே தடைதான், இது கடுமையானதே. மேலும், தகுதி கிடைத்தவுடன் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிடாது. ஆண்டுதோறும் வழங்கப்படும் விசாக்களுக்கு உச்சவரம்பு உள்ளமையால் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர்.