மேடை ஏறப்போகும் பேரனுக்கு

புரட்டாசி மழையில் கரிசல் நன்றாக ஊறிவிட்டது. உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தாயிற்று.

பங்கு இளையோர் கூட்டத்தில் வேதசாட்சி தேவசகாயத்தைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக்கொன்றதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடாதே. அது 1752 ஜனவரி 14-இல் ஒரே இரவில் முடிந்தது. அதற்கு முந்தின மூன்று வருஷந்தான் கனமானது.

1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். நீலகண்டன் என்று பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அரண்மனையில் உத்தியோகம். மாடுகள் செத்து, பயிர் அழிந்து மனம் ஒடிந்திருந்த நேரத்தில், டச்சுப் படையிலிருந்து வந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மானாவாரிப் பருத்தி கருகிப்போன வருஷம் நம் வீடு எப்படி இருந்தது என்று பார்த்தவன் நீ. 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு பரஞ்சோதிநாதரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

1749-இல் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகுப்பொடி தடவினார்கள். பெருவிளையில் மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள். வேதத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருக்கலாம். தினம் விடிந்தால் அந்த வழி திறந்துதான் கிடந்தது. அவர் போகவில்லை. சாகும்போது வயது நாற்பதுகூட ஆகவில்லை.

ஒன்றை யோசித்துப் பார். டிலனாய் 1741 குளச்சல் போரில் பிடிபட்டவர், கத்தோலிக்கர். அவரையே தளபதியாக்கிப் படையைப் பழக்கியது அதே அரண்மனை. 1777-இல் சாகும்வரை வேதத்தை விடாமலே இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள்தான் அவர் கல்லறை. அந்நியன் கிறிஸ்தவனாக இருப்பதைப் பொறுத்தவர்கள் நீலகண்டனை ஏன் பொறுக்கவில்லை? எல்லாரும் சமம் என்று மேல்சாதியில் பிறந்த ஒருவரே சொல்லத் தொடங்கியதுதான் அவர்களை உறுத்தியது என்பது என் முடிவு. ஆகவே மேடையில் வேறு மதத்தாரை ஏசாதே. அவர் பெயரைச் சொல்லி அப்படிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

கோபம் வந்தால் நம் பக்கம் திரும்பட்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் இரட்டைக் கோவில் எழும்பியது. ஒரு பீடம், இரண்டு பக்கமாகப் பிரியும் இரண்டு மண்டபம், நடுவே சுவர். ஒரு சாதியார் முகம் மற்றவருக்குத் தெரியாமலே நற்கருணை வாங்கிப் போனார்கள். 1910-இல் கௌசானல் சுவாமியார் சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சுவர் மறுபடி எழும்பவில்லை. 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பெயரின் வாலில் இருந்த சாதியையும் விட்டுவிட்டார்கள்.

ராசா, இதையெல்லாம் எழுதக் காரணம் உன் கையில் கிடக்கிற கயிறு. போன லீவில் சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன். தண்ணீர் பட்டு அதன் சாயம் உன் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. சேக்காளிகள் கட்டிவிட்டது என்றாய். எந்த நிறக் கயிறு எந்தச் சாதிக்கு என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எவனுக்கும் தெரியும். 2023-இல் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையனையே வீடு புகுந்து வெட்டினார்கள். மறு வருஷம் நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் இந்தக் கயிறே கூடாது என்று அரசுக்கு எழுதியது. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோவிலில் அதே கையைத்தானே ஏந்தி நற்கருணை வாங்குகிறாய்?

கயிற்றைக் கழற்றிவிட்டு மேடை ஏறு. சேக்காளிகள் கேலி செய்வார்கள். சில பேர் பேசாமலும் போவார்கள். கொஞ்ச நாள் தனியாக இருக்கப் பழகிக்கொள். வடக்கன்குளத்துச் சுவரையும் பேச்சில் சொல். பெரியவர்கள் யாராவது முகம் சுளித்தாலும் நிறுத்தாமல் சொல்.

இப்படிக்கு,
உன் தாத்தா